விஞ்ஞானிகளின் கையெழுத்துக் கடிதங்களைச் சேகரிப்பது எப்படி? கரிசல்காட்டு அன்பர்களுக்கு ஒரு வழிகாட்டி

அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ குடியிருந்துகொண்டு, உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானிகள் கைப்பட எழுதிய கடிதங்களைச் சேகரிக்க வேண்டும் என்று ஒருவருக்கு ஆசை வந்துவிட்டால், அவர் செய்ய வேண்டிய முதல் காரியம் அதை வீட்டில் சொல்லாமல் இருப்பது. ஸ்டாம்பு, ஓட்டைக் காலணா, தீப்பெட்டிப் படம் என்றால் சின்னப்புள்ளப் பழக்கம் என்று விட்டுவிடுவார்கள். செத்துப்போன ஒரு வெள்ளைக்காரன் வேறு யாருக்கோ எழுதிய கடுதாசியைக் காசு கொடுத்து வாங்கப்போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். வருகிற வெள்ளிக்கிழமையே இருக்கன்குடிக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டுத்தான் திரும்புவார்கள்.

அடுத்தது பண விஷயம். டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டுபிடித்த பிரான்சிஸ் கிரிக், அந்தச் சேதி பத்திரிகையில் வருவதற்கு முன்பே, 1953 மார்ச் 19-ஆம் தேதி, ஹாஸ்டலில் காய்ச்சலோடு கிடந்த தன் 12 வயது மகனுக்கு ஏழு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். படம் போட்டு, பாடம் நடத்துகிற மாதிரி. 2013 ஏப்ரலில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 60 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 33 கோடி ரூபாய். ஐன்ஸ்டைன் சாவதற்கு ஒரு வருஷம் முன்னால் கடவுளைப் பற்றி எழுதிய கடிதம் 2018-ல் 29 லட்சம் டாலர். அவரே தன் கையால் அந்தப் பிரபலமான சமன்பாட்டை எழுதிய ஒற்றைத் தாள் 2021-ல் பாஸ்டனில் 12 லட்சம் டாலர். காட்டை விற்றுக் கடுதாசி வாங்கலாம் என்று யோசிக்கிறவர்கள், மானாவாரிக் காடு ஏக்கர் என்ன விலைக்குப் போகிறது என்பதை ஒருதடவை விசாரித்துவிட்டு அடுத்த பத்திக்கு வரவும்.

வந்துவிட்டீர்களா? இனி நமக்கு மிஞ்சியிருப்பது ஒரே வழி. விலைக்கு வாங்க முடியாததைத் தேடி எடுக்க வேண்டும். இதற்கு முன்மாதிரி டோக்கியோவில் இருக்கிறது. 1922-ல் ஜப்பான் போன ஐன்ஸ்டைன் இம்பீரியல் ஓட்டலில் தங்கியிருந்தபோது, சேதி கொண்டுவந்த பையனுக்கு இனாம் கொடுக்கச் சில்லறை இல்லை. அல்லது அவன் வாங்க மறுத்தான். இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். பதிலுக்கு, சந்தோஷமான வாழ்க்கையைப் பற்றி ஓட்டல் தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். பையன் அதைத் தூக்கி எறியவில்லை. 2017-ல் ஜெருசலேம் ஏலத்தில் அந்தத் தாள் 15 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆகவே, புதுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாட்ஜ் நடத்துகிறவர்கள் ரூம் பையன்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்: யாராவது தலைகலைந்த ஆசாமி டீக்காசுக்குப் பதில் துண்டுச் சீட்டு நீட்டினால், சட்டையைப் பிடிப்பதற்கு முன்னால் அதை ஒருமுறை வாசித்துப் பார்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடிதத்தை எழுதியவன் வீட்டில் கடிதம் இருக்காது. வாங்கியவன் வீட்டில்தான் இருக்கும். அதனால் விஞ்ஞானி பிறந்த ஊர், படித்த பள்ளி, சிலை வைத்த முக்கு என்று அலைவது வீண். அவர் யாருக்கு எழுதினார், அந்த ஆள் எப்பேர்ப்பட்ட ஆள், பழசைப் பொத்திவைக்கிறவரா, அடுப்பில் போடுகிறவரா என்பதுதான் விசாரிக்க வேண்டியது. உலகத்தில் விஞ்ஞானிகளுக்குக் குறைவில்லை. கடுதாசியைக் கிழிக்காமல் வைத்திருந்தவர்களுக்குத்தான் பஞ்சம்.

தேடலை எங்கே தொடங்குவது? எல்லோரும் சொல்வது பழைய பேப்பர் கடை. போய்ப் பாருங்கள். பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகும்.

“அண்ணாச்சி, பழைய கடுதாசிக் கட்டு ஏதும் வந்துச்சா?”

“யாரோடது?”

“விஞ்ஞானிங்க எழுதுனது.”

“அவுக எந்த ஊரு?”

“வெளியூருதான்.”

“நோட்டா, பேப்பரா, அட்டையா? அட்டைன்னா ரேட்டு வேற.”

கோபப்படாதீர்கள். தராசுக்கு முன்னால் நியூட்டனும் நோட்ஸும் ஒன்றுதான். அண்ணாச்சி மேல் தப்பில்லை. அவரிடம் வந்து சேருவதற்குள் கடுதாசி ஏற்கெனவே மூன்று பேர் கையால் செத்திருக்கும். பரணை ஒதுக்கிய மருமகள், மூட்டை கட்டிய பேரன், ஈரத்தில் இறக்கிவைத்த சைக்கிள்காரர். நாம் கடைக்குப் போகாமல் பரணுக்குப் போக வேண்டும்.

பரணுக்கு முன்னால் கம்பியைப் பார்க்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டக் கட்டை, அதில் செருகிய நீளமான கம்பி, மேல்முனையைக் கொக்கியாக வளைத்து உத்திரத்து ஆணியில் மாட்டியிருப்பார்கள். சில வீடுகளில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியையே வளைத்துவிடுவார்கள். வந்த கடுதாசியை உரக்க வாசித்து முடித்ததும், நட்டநடுவில் குத்தி ஏற்றிவிட வேண்டியது. அடியில் கிடப்பது பழசு, மேலே இருப்பது புதுசு; எந்த நூலகமும் இதைவிட ஒழுங்காகத் தேதிவாரியாக அடுக்கியதில்லை. தீர்வை ரசீது, கூட்டுறவுச் சங்க நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பினாங்கிலிருந்து சித்தப்பா எழுதிய ஏர்மெயில், பட்டாளத்திலிருந்து மாமா எழுதிய இன்லாண்டு எல்லாம் ஒரே கம்பியில் சமத்துவமாகத் தொங்கும். ஒவ்வொரு தாளின் நடுவிலும் துளை. துளையைச் சுற்றித் துருவின் செம்பழுப்பு வளையம். ஓரமெல்லாம் அடுப்புப் புகை ஏறிய மஞ்சள். ஏலக் கம்பெனிக்காரர்கள், ஒரு கடிதம் யார் யார் கை மாறி வந்தது என்பதற்கு ஆதாரம் கேட்டு உயிரை எடுப்பார்கள். நம்மூர்க் கடுதாசி தன் ஆதாரத்தை நெஞ்சிலேயே குத்திக்கொண்டு வரும். நூறு தாளிலும் ஒரே இடத்தில் துளையும் துருவும் வரவழைக்கக் கள்ளக் கையெழுத்துக்காரனுக்குப் பொறுமை பத்தாது.

ஆனால் ஒன்று. கருமாதிக் கடுதாசி மட்டும் அந்தக் கம்பியில் ஏறவே ஏறாது. படித்த கையோடு கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள். மஞ்சள் தடவியது தங்கும், கறுப்பு மை ஓரமிட்டது தங்காது. ஆகவே நம் பக்கத்து ஆவணங்களை மட்டும் வைத்து வரலாறு எழுதினால், இங்கே கல்யாணம் ஆகிக்கொண்டே இருந்தது, யாருமே சாகவில்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

வீடு வீடாகப் போவதற்கும் ஒரு முறை உண்டு. திருச்சுழியைத் தாண்டி நரிக்குடிப் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்தில் வேப்பமரத்தடி அப்பத்தாவிடம் போய், “அப்பத்தா, பழைய காகிதம் எதுவும் வீட்ல இருக்கா?” என்று எடுத்த எடுப்பில் கேட்டுவிடாதீர்கள்.

“எதுக்குய்யா? நீ யாரு வீட்டுப் புள்ள?”

“சும்மா பாக்கத்தான்.”

“பத்திரமெல்லாம் மகன்கிட்டத்தான் இருக்கு. நாங்க குடுக்கிறதா இல்ல.”

வறண்ட காட்டில் பழைய காகிதம் என்றால் அது கிரயப் பத்திரம். பழைய காகிதத்தைத் தேடி வருகிறவன் என்றால் சோலார் கம்பெனிக்கு நிலம் பிடிக்க வந்த புரோக்கர். புரோக்கரைத் தவிர இரண்டாவதாக ஒரு வகை மனிதன் உண்டு என்பதை அப்பத்தாவுக்குப் புரியவைக்க அரைப்பொழுது ஆகும். அவசரப்படாமல் உட்கார்ந்து, இந்த வருஷம் மழை எப்படி, குதிரைவாலி போட்டீர்களா, சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டதில் மூட்டைக்கு என்ன கிடைத்தது என்று ஆரம்பிக்க வேண்டும். மழை பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். மற்றதற்கு நேரமாகும்.

“சரி, இந்தத் தண்ணியில்லாக் காட்டுக்கு எந்த விஞ்ஞானி கடுதாசி எழுதியிருக்கப்போகிறார்?” என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். அதிகாரிகளையே தண்டனை மாற்றலில் அனுப்புகிற சீமை. ஆனாலும் விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் ரொம்பத் தாழ்த்திக்கொள்ள வேண்டியதில்லை. கிழக்கே நாம் வெயிலில் காய்கிறோம். அதே மாவட்டத்தின் மேற்குக் கடைசியில், மலையடிவாரத்து வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். கல்கத்தாவில் சி.வி. ராமனோடு சேர்ந்து ராமன் விளைவைக் கண்டவர், பிறகு டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். ‘நேச்சர்’ பத்திரிகைக்கு 1928 பிப்ரவரி 16 தேதியிட்டுப் போன முதல் குறிப்பில் ராமன் பெயரோடு கிருஷ்ணன் பெயரும் இருக்கிறது. 1930-ல் நோபல் பரிசு வந்தபோது ஒரு பெயர்தான் இருந்தது.

அந்தக் கண்டுபிடிப்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பின்னாளில் பேச்சு எழுந்தபோது, எல்லோரும் புரட்டிப் பார்த்தது கிருஷ்ணன் அந்த பிப்ரவரியில் எழுதிய நாட்குறிப்பைத்தான். ஆய்வுக்கூடத்தில் இன்ன நாள் இன்ன திரவம், இன்ன நிற வடிகட்டி என்று போகிற குறிப்புகளுக்கு நடுவே, பிப்ரவரி 7-ஆம் தேதி ராத்திரிச் சாப்பாடு முடிந்து பேசிக்கொண்டிருக்கும்போது, ஒன்பது மணிவாக்கில் ராமன் பரபரப்போடு வீட்டுக்கே வந்து கூப்பிட்ட கதையும் இருக்கிறது. என்னைக் கேட்டால், ஐன்ஸ்டைனின் 12 லட்சம் டாலர் சமன்பாட்டை விட இந்த ராத்திரி ஒன்பது மணிதான் உசத்தி. சமன்பாடு எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. வாசலில் நின்று கூப்பிட்ட குரல் இந்த ஒரு நோட்டில்தான் இருக்கிறது.

ஆகவே நீங்கள் சேகரிக்க நினைத்தால், அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வத்திராயிருப்புக்குப் போகலாம். போய் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இங்கே ஒரு வாத்தியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வாத்தியாருக்கு முன்னால் ராமானுஜன். அவர் கதை எல்லோருக்கும் தெரியும். சென்னைத் துறைமுகத்தில் வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளத்தில் குமாஸ்தா. 1913 ஜனவரி 16-ல் கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு எழுதிய கடிதம். அதில் நிரூபணம் இல்லாத தேற்றங்களாக அடுக்கிய பக்கங்கள். ஹார்டி அதைக் குப்பையில் போடவில்லை. அதனால்தான் நமக்கு ஒரு ராமானுஜன் கிடைத்தார். அந்தக் கடிதங்கள் கேம்பிரிட்ஜில் பத்திரமாக இருக்கின்றன. கிட்டப் போக முடியாது. ஆனால் நம் பக்கத்தில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். அவர் இங்கிலாந்தில் இருந்தபோது மனைவி ஜானகிக்கு எழுதியதும் ஜானகி அவருக்கு எழுதியதும் போய்ச்சேராமல் மாமியார் கோமளத்தம்மாள் தடுத்துவைத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். விஞ்ஞானிகளின் கையெழுத்துக் கடிதங்களைத் தமிழ்நாட்டில் முதன்முதலில் முறையாகச் சேகரித்தவர் அந்த அம்மாள்தான் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வர முடியாது. பாதுகாத்தாரா என்பதுதான் கேள்வி. 1920 ஏப்ரலில் ராமானுஜன் இறந்தபோது, காரியங்கள் நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே யாரோ வந்து அவருடைய தாள்களை எடுத்துப்போனார்கள் என்று ஜானகி அம்மாள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கடல் தாண்டிப் போனவையும் சுகமாக இல்லை. ராமானுஜன் கடைசி வருஷத்தில் எழுதிய தாள்களைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1923-ல் ஹார்டிக்கு அனுப்ப, அவை கைமாறி கணித மேதை வாட்சனிடம் போயின. வாட்சன் 1965-ல் இறந்ததும் வீட்டுக்குப் போய்ப் பார்த்த ஒருவர், வாட்சனின் படிப்பறைத் தரையில் ஓரடி உயரத்துக்குத் தாள்கள் குவிந்து கிடந்ததாகவும், இன்னும் சில நாளில் எல்லாவற்றையும் எரிப்பதாக இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். அந்தக் குப்பையிலிருந்து தப்பி டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குப் போன பெட்டியைத்தான் 1976-ல் அமெரிக்கர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் திறந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள். ‘தொலைந்த நோட்டு’ என்று உலகமே கொண்டாடுகிறது. எனவே, தாள் குவிந்த படிப்பறை, எரிக்கத் துடிக்கும் உறவினர், அவ்வளவுக்கும் நம் மாமியார்களை மட்டும் குறை சொல்லாதீர்கள். இங்கிலாந்திலும் அதே கதைதான்.

வாத்தியார் விஷயத்துக்கு வருகிறேன். பி.கே. சீனிவாசன், சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார். ராமானுஜனோடு படித்தவர்கள், பழகியவர்கள், உறவினர்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிப்போனார். அப்போது அவர்களுக்கெல்லாம் தள்ளாத வயசு. யாரிடம் ஒரு கடிதம் இருக்கிறது, யாரிடம் ஒரு கார்டு இருக்கிறது, யாரிடம் வெறும் ஞாபகம் மட்டும் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு வாங்கி, 1968-ல் இரண்டு தொகுதிகளாகப் புத்தகம் போட்டார். முதல் தொகுதி முழுக்கக் கடிதங்களும் நினைவுகளும். பெரிய பதிப்பகம் எதுவும் வரவில்லை. போட்டது அந்தப் பள்ளியில் அவர் நடத்திய எண் நண்பர்கள் சங்கத்தின் பழைய மாணவர் குழு. இன்றைக்கு வெளிநாட்டுப் பேராசிரியர்கள் ராமானுஜனைப் பற்றி எழுதும்போது அந்தப் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் ஒன்றையும் தொடங்கிவைத்தார்.

இந்த வாத்தியாரின் வழிமுறையில் நம் சேகரிப்பாளர்களுக்கு ஒரு பெரிய குறை தெரியும். அவர் லாபத்துக்கு விற்கவில்லை, பீரோவில் பூட்டவும் இல்லை. அச்சுப்போட்டு எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். கெட்டிக்காரச் சேகரிப்பாளர் இந்த வேலையைச் செய்யவே கூடாது. அச்சானால் விலை குறைந்துவிடும். வத்திராயிருப்புக்குப் போய் யார் வீட்டிலாவது கிருஷ்ணன் கைப்பட எழுதிய கார்டு ஒன்று கண்ணில் பட்டால், போனில் படம் எடுத்துக்கொண்டு, தாளை அவர்களிடமே கொடுத்து, கிழிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வருவது வாத்தியார் வழி. “என்னது இது, பழைய பேப்பரு, இருபது ரூபா தர்றேன்” என்பது கெட்டிக்காரர் வழி. எதுவென்று முடிவு செய்துகொண்டு பஸ் ஏறுங்கள்.

திருச்சுழிக்காரர்கள் இந்நேரம் முணுமுணுப்பார்கள். எங்கள் ஊரிலும் உலகப் புகழ்பெற்ற கடிதம் எழுதியவர் பிறந்திருக்கிறார் என்று. உண்மைதான். திருமேனிநாதர் கோவில் பக்கத்து வீட்டில் 1879-ல் பிறந்த வேங்கடராமன், 1896 ஆகஸ்டில் மதுரை வீட்டை விட்டுப் புறப்பட்டபோது ஒரு கடிதம் எழுதிவைத்தார். அண்ணனின் காலேஜ் ஃபீஸ் ஐந்து ரூபாயில் ரயில் செலவுக்கு மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறது என்று கணக்கும் காட்டியிருக்கிறார். ரமண மகரிஷியானவரின் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு கோடுதான் இருக்கிறது. மகான்களைச் சேகரிப்பதில் இருக்கிற சிக்கலே இதுதான். கையெழுத்துப் போட மாட்டார்கள். விஞ்ஞானிகள் தேவலாம், தேதி, ஊர், பெயர் மூன்றும் போடுவார்கள். போட்டி எவன் முதலில் கண்டுபிடித்தான் என்பதில் அல்லவா!

இனி, போலிகள். இந்தத் துறையின் மிகச் சுவையான பகுதி இதுவே. பிரான்சில் மிஷேல் ஷால் என்று ஒரு பெரிய கணித மேதை. அவரிடம் 1861-லிருந்து வ்ரேன் லூக்கா என்ற ஆசாமி பழைய கடிதங்கள் கொண்டுவந்து விற்க ஆரம்பித்தான். புவியீர்ப்பை நியூட்டனுக்கு முன்னாலேயே கண்டுபிடித்ததாகப் பாஸ்கல் எழுதிய கடிதங்கள் கிடைத்ததும் ஷாலுக்குத் தலைகால் புரியவில்லை. கண்டுபிடிப்பு பிரெஞ்சுக்காரனுடையது ஆகிவிட்டதே! 1867-ல் அறிவியல் கழகத்தில் கொண்டுபோய்க் காட்டினார். பாஸ்கல் கடிதம் எழுதிய காலத்தில் நியூட்டன் பள்ளிக்கூடப் பையன் என்று இங்கிலாந்திலிருந்து ஒருத்தர் கணக்குப் போட்டுச் சொல்லியும் கேட்கவில்லை. எட்டு வருஷத்தில் வாங்கியது மொத்தம் 27,000 கடிதங்களுக்கு மேல். மகா அலெக்சாண்டர் அரிஸ்டாட்டிலுக்கு எழுதியது, கிளியோபாட்ரா சீசருக்கு எழுதியது, மகதலேனா மரியாள் லாசருவுக்கு எழுதியது எல்லாம் உண்டு. எல்லாம் பிரெஞ்சில். ஔவையார் அதியமானுக்கு இங்கிலீஷில் எழுதிய போஸ்ட் கார்டு கிடைத்தால் நாம் எப்படி வாங்குவோமோ அப்படி வாங்கியிருக்கிறார். 1870-ல் லூக்காவுக்கு இரண்டு வருஷம் சிறை. ஷால் தொடர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அதில் தப்பு வரவில்லை.

படித்தவர்கள் இப்போது ஏமாற மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக நூலகம், வியாழனின் நிலாக்களைப் பற்றிக் கலிலியோ 1610-ல் கைப்பட எழுதிய குறிப்பு என்று ஒரு தாளை 1938-லிருந்து பொக்கிஷமாக வைத்திருந்தது. 2022-ல் நிக் வைல்டிங் என்ற வரலாற்றாசிரியர் தாளுக்குள் இருக்கும் வாட்டர்மார்க்கைப் பார்க்கச் சொன்னார். பெர்கமோ என்ற ஊரின் காகித ஆலை முத்திரை. அந்த முத்திரை போட்ட தாள் 1770-க்கு முன்னால் எங்குமே கிடைத்ததில்லை. கலிலியோ 1642-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நூலகம் நேர்மையாகத் தப்பை ஒப்புக்கொண்டது.

இங்கேதான் நம் சீமைக்கு அனுகூலம். வாட்டர்மார்க்கைப் பார்க்கத் தேவையான ஒரே கருவி வெளிச்சம். அருப்புக்கோட்டையில் காலை எட்டு மணிக்குத் தாளை உயர்த்திப் பிடித்தால், முத்திரை மட்டுமல்ல, காகிதக் கூழின் நாரே தெரியும். ஆனால் பார்த்துவிட்டு உடனே உள்ளே வையுங்கள். பழைய கறுப்பு மை இரும்பில் ஆனது. நாளாக ஆக அதுவே தாளைத் தின்னும். வெயிலில் காயப்போட்டால் வத்தலாகிவிடும், எழுத்து போய்விடும். சித்திரை வெயிலில் வடாம் காய்கிற மொட்டைமாடியில் ராமானுஜனையும் சேர்த்துக் காயப்போட்டவர்கள் என்று பெயர் வாங்காதீர்கள்.

பாதுகாப்பு என்று வந்தால் கைக்குள் வந்த கடிதத்தைக் கெடுக்க நான்கைந்து சுலபமான வழிகள் இருக்கின்றன. அவற்றில் தலையாயது லேமினேஷன். கலர் ஜெராக்ஸ் கடைக்காரர் முப்பது ரூபாய்க்குச் செய்து கொடுப்பார். பிறகு அதை எவனாலும் பிரிக்க முடியாது. கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டுவது அடுத்தது. பசை மஞ்சளாகி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் பயந்து அந்துருண்டையைத் தாளின் மேலேயே கொட்டுகிறவர்களும் உண்டு. பெட்டியில் வேப்பிலையும் வசம்புத் துண்டும் போட்டு, தாளை அமிலம் இல்லாத காகித உறையில் வைத்து, ஈரமும் வெளிச்சமும் படாமல் மூடினால் போதும். ஈரத்தைப் பற்றி இங்கே அதிகம் கவலைப்பட வேண்டாம். வானம் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி 75 வருஷம் பழசாகிவிட்டால், 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி அது தொல்பொருள். தனியார் யாரும் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. அதாவது, கரிசல்காட்டுப் பரணில் ராமானுஜன் கடிதம் கிடைத்தாலும் கிறிஸ்டீஸ்காரனுக்குக் கூரியர் போட முடியாது. தவிர, உங்கள் கையில் இருக்கும் கடிதத்தின் தாள்தான் உங்களுடையது; அதில் எழுதியிருப்பதை அச்சிடும் உரிமை எழுதியவரின் வாரிசுகளுடையது. 33 கோடிக் கனவில் இருந்தவர்கள் இந்த இடத்தில் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வரலாம்.

கடைசியாக, எதுவுமே கிடைக்கவில்லை என்றால் உள்ள வழி. நீங்களே விஞ்ஞானிக்குக் கடிதம் எழுதுங்கள். அவர் பதில் போடுவார். டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் 1924 ஜூன் 4-ல் முன்பின் அறியாத ஐன்ஸ்டைனுக்குத் தன் கட்டுரையை அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து அச்சிட வைத்ததோடு, கைப்பட ஒரு போஸ்ட் கார்டும் போட்டார். அந்தக் கார்டைக் காட்டித்தான் போஸுக்கு வெளிநாடு போக இரண்டு வருஷ லீவு கிடைத்தது. ஜெர்மன் துணைத் தூதரகம் விசாவுக்குக் கட்டணம்கூட வாங்கவில்லை. ஒரு கார்டுக்கு இவ்வளவு மரியாதை. ஆனால் அதற்கு முதலில் போஸ் மாதிரி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. அது சேகரிப்பாளர்களுக்கு ஒத்துவராத வேலை.

வெறும் ஆட்டோகிராப் கேட்டு எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கும் கிரிக்கே உதாரணம். நோபல் பரிசுக்குப் பிறகு கடிதத் தொல்லை தாங்காமல் அவர் ஒரு கார்டு அச்சடித்து வைத்திருந்தார். கையெழுத்து அனுப்ப, போட்டோ கொடுக்க, நோயைக் குணப்படுத்த, பேட்டி தர, புத்தகம் எழுத என்று வரிசையாகப் போட்டு, எதற்கு இயலாது என்பதற்கு நேரே ஒரு குறி மட்டும் போட்டு அனுப்பிவிடுவார். இன்று அந்த மறுப்புக் கார்டையே சேகரிக்கிறார்கள். மனிதர் தப்பிக்கவே முடியவில்லை.

நம் பக்கத்து விஞ்ஞானிகள் இவ்வளவு கறாராக இருந்ததில்லை. ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டு நோட்டாகக் கையெழுத்துப் போட்டவர். அருப்புக்கோட்டை, பந்தல்குடி, காரியாபட்டி என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் விசாரித்தாலும், கலாம் கையெழுத்து வாங்கிய ஒரு பழைய மாணவர் அகப்படலாம். அவருடைய அம்மா அந்த நோட்டை இன்னும் எடைக்குப் போடாமல் வைத்திருக்கிறாரா என்பதைத்தான் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுதுவது என்று முடிவு செய்தால் மெயில் வேண்டாம். மெயிலுக்கு மெயில்தான் வரும், அதைப் பெட்டியில் வைக்க முடியாது. போஸ்ட் கார்டு இன்னமும் ஐம்பது பைசாதான், போஸ்ட் ஆபீஸில் கேட்டால் தேடி எடுத்துத் தருவார்கள். கண்டுபிடிப்பில் உங்களுக்கு உண்மையிலேயே விளங்காத ஒரு இடத்தைக் கேளுங்கள். வெளிநாட்டுக்காரர் என்றால் கார்டு போதாது. உறையில் போட்டு எடைக்குத் தகுந்த ஸ்டாம்பு ஒட்டுங்கள். பதில் வர உங்கள் விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, கீழே அருப்புக்கோட்டை 626101 என்று பின்கோடையும் போடுங்கள். அதை விட்டுவிட்டால், கடல் தாண்டி வந்த கடிதம் பட்டுக்கோட்டை, புதுக்கோட்டை, தேவகோட்டை, கந்தர்வக்கோட்டை என்று எல்லாக் கோட்டைக்கும் போய் முத்திரை வாங்கிக்கொண்டு, விலாசதாரர் இல்லை என்று திரும்பக் கப்பலேறிவிடும்.